ஏழு நாள் சதுரம்

ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு
தைஸ்தோ வருகிறான்.
பதினோரு வருடங்களுக்கு முன்
கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவன்.
காலணிகளைக் கழற்றி
மிதியடி மேல் நேராக வைக்கிறான்,
கூடி வாழ்ந்தபோது
ஒருநாளும் செய்யாததை.

என் இடது தோளுக்குப் பின்னால்
என் கை எட்டாத ஓரிடம் இருக்கிறது.
அதற்காகத்தான் வருகிறான்.

காகித ஆலையின் உருளைகளுக்கு நடுவே
இருபத்தாறு வருடம் குனிந்த முதுகு இது.
ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள்,
முதுகுக்கு யாரும் போடவில்லை.
மாத்திரைகளை வயிறு திருப்பி அனுப்பிவிட்டது.
அதனால் இந்தப் பட்டை,
தீப்பெட்டி அளவு, தோலின் நிறம்.
யார் தோலின் நிறமோ தெரியாது,
கெமியின் பிப்ரவரியில்
நான் இதைவிட வெளுப்பு.

முதல் மாதம்
வலி அடுத்த அறைக்குப் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டது.
முணுமுணுப்பு மட்டும் கேட்டது.
எவ்வளவு நன்றாகத் தூங்கினேன்!

இரண்டாம் மாதம்
உரித்த இடத்தில் ஒரு சிவப்புச் சதுரம்,
அளவெடுத்து வரைந்ததுபோல்.
விளிம்பெல்லாம் மணல் மணலாய்க் கொப்புளம்.
தூக்கத்தில் நகம் தானாகப் போய்விடும்.
காலையில் படுக்கை விரிப்பில்
புள்ளி புள்ளியாய் ரத்தம்.
நள்ளிரவில் எழுந்து
உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத்
துண்டில் சுற்றி ஒற்றிக்கொள்வேன்.
அந்தப் பட்டாணியை இனி
சூப்பில் போட மனம் வராது.

ஒட்டினால் தோல் எரிகிறது,
எடுத்தால் எலும்பு.
இரண்டில் எது வேண்டும் என்கிறது உடம்பு,
கடையடைக்கும் நேரத்துக் கடைக்காரனைப்போல.

செவிலி ஹெய்னி சின்னப்பெண்,
மூக்கில் வளையம்.
சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள்.
சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர்.
ஈரம் போக உலரட்டும்.
பட்டையை இழுத்துப் பறிக்காதே,
ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி எடு.
ஒட்டிய இடத்துக்கு உடனே திரும்பாதே,
மூன்று வாரமாவது தரிசாகக் கிடக்கட்டும்.
பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்து
ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் மருந்தை
ஒட்டுமுன் தோலில் ஒரு தடவை
பீய்ச்சி உலரவிடச் சொன்னாள்.
தோலுக்கு மூச்சுத்திணறலா என்றேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தி,
சவுனா கூடாது, இர்மெலி.
சூட்டில் மருந்து
ஒரேயடியாக உள்ளே இறங்கிவிடும்.

இந்த ஊரில் அதற்குப் பொருள்
குளிக்காதே என்பதல்ல,
யாரோடும் பேசாதே என்பது.

வியாழக்கிழமை எங்கள் கட்டடத்தில்
பெண்கள் முறை.
உடைமாற்றும் அறையின் பலகையில்
ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன்.
கல்லில் தண்ணீர் விழும் சீறல்
கதவிடுக்கு வழியே வருகிறது.
யாரோ யாரையோ பற்றிச் சொல்கிறார்கள்,
பாதிதான் கேட்கிறது.
ஓர்வொக்கியும் மற்றவர்களும்
ஆவி பறக்க வெளியே வருகிறார்கள்,
தலை முதல் கால் வரை சிவந்து.
நான் சதுரமாக மட்டும்.

நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்:
வலத்தோள், வல விலா, இடக் கை,
இன்று மறுபடி இடத்தோள்.

தைஸ்தோ பழையதை உருட்டி எடுத்து
ஒட்டும் பக்கம் உள்ளே போக மடிக்கிறான்.
தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிறது அது.
ஜாடியில் போடுகிறான், மருந்துக்கடைக்குத் திரும்பிப் போக.
புதியதில் மார்க்கரால் தேதி எழுதுகிறான்.
அவனுடைய ஏழு
எப்போதும் ஒன்று மாதிரியே இருக்கும்.
அதற்காக ஒருமுறை
பெரிய சண்டை போட்டிருக்கிறோம்.

ஒட்டிய பின்
உள்ளங்கையால் அழுத்தி
முப்பது வரை எண்ண வேண்டும்.
அவன் வாய்விட்டு எண்ணுகிறான்,
சரக்கு இறக்குகிறவன் குரலில்.

பத்தொன்பதுக்கு வந்தபோது
வெளியே பனி வாரும் வண்டி போயிற்று.
எண்ணிக்கை தவறிவிட்டது.
கையை எடுக்காமல்
ஒன்றிலிருந்து தொடங்கினான்.
நான் திருத்தவில்லை.

அரிக்கிறதா என்றான் நடுவில்.
இல்லை என்றேன்.
அரித்தது.