இரண்டு விரல் கீழே

ஹைமாவில் கடை சாத்துகிற நேரத்துக்கு
டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான் முசல்லம்.
இரண்டு விளக்கு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

போன மாதம் அவன் ஒட்டகத்தை
சலாலா போகிற அவசரத்தில் எவனோ இடித்துவிட்டான்.
இந்த மாதம் விளக்கு வாங்குவது இவன்.
நான் கேட்கவில்லை. பம்பரில் துளை போடத்தான் எனக்குக் கூலி.

பேட்டரியிலிருந்து சிவப்பு வயர், வழியில் ஃபியூஸ்,
அப்புறம் ரிலே.
ஹைபீமிலிருந்து ஒரு மெல்லிய வயர் வந்து
அதன் காதில் சொல்ல வேண்டும்.
டிக் என்று அது கேட்டுக்கொள்ளும்.
எதிரே வண்டி வந்து டிம் அடித்தால்
இவையும் கூடவே அணையும்.
"அணையாமலே இருக்கட்டுமே" என்றான்.
"அப்படியானால் வேறு கடை பார்."
வேறு கடை எவ்வளவு தூரம் என்று
இருவருக்கும் தெரியும்.

டயரில் காற்றைப் பார்த்தேன்.
அவனையே ஏறி உட்காரச் சொன்னேன்,
ஆள் ஏறாத வண்டியில் எடுத்த அளவு
ஆள் ஏறியதும் பொய்.
எதிரே குழாய்க் கம்பெனி கேம்ப்பின் சுவர், பத்து தப்படி.
விளக்கின் நடு உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டினேன்.
வெளிச்சத்தின் நடு அதற்கு இரண்டு விரல் கீழே விழ வேண்டும்.
இடது விளக்கைக் கழற்றிய என் சட்டையால் மூடிவிட்டு
வலதைத் திருகி முடித்தேன்.
சட்டையை வலதுக்கு மாற்றினேன்.

"இன்னும் மேலே. ஒட்டகத்தின் கால் எனக்கு எதற்கு?
கால் தெரியும்போது
உடம்பு கண்ணாடிக்குள் வந்திருக்கும்."
நியாயம்தான். ஏற்றினேன்.
டேப்பைத் தாண்டி, ஜன்னலைத் தொட்டு,
ஏசி இடுக்கில் செருகிய அட்டைக்கு மேலே
ஒரு கை எழுந்து முகத்தை மூடியது.

கைலியோடு வெளியே வந்தான் நூருல் ஹக்.
நைட் ஷிஃப்ட், இன்னும் ஒரு மணி நேரத் தூக்கம் பாக்கி.
திட்டுவான் என்று ஸ்பேனரை இறக்கினேன்.
அவனோ சுவரில் முதுகைச் சாய்த்து
கண்ணை மூடிக்கொண்டான்.
"இறக்கு. இமைக்குள் சிவப்பு போனதும் சொல்கிறேன்."
அரைச் சுற்று. கால் சுற்று.
"கொஞ்சம்… கொஞ்சம்… போதும்."
டேப்புக்கு இரண்டு விரல் கீழே,
அவன் தொண்டைக்குழியில் நின்றது வெளிச்சம்.
முசல்லம் ஒன்றும் சொல்லவில்லை.

சோதிக்க நெடுஞ்சாலைக்குப் போனோம்.
வெளிச்சம் நீண்டு நீண்டு போயிற்று,
தொடுவதற்கு ஒன்றுமே இல்லாமல்.
தொலைவில் ஒரு லாரி.
முசல்லத்தின் விரல் ஒரு நொடி தயங்கிற்று.
டிக்.
லாரியும் அணைத்தது.
கடந்து போன பிறகு சொன்னான்:
"இடித்தவன் வண்டியில் ஒற்றை விளக்குதான்.
கை நடுங்கிக்கொண்டிருந்தது.
காப்பி கொடுத்து அனுப்பினேன்."

ஆறு ரியால் தந்தான்.
அறைக்குப் போய்ப் பார்த்தால் சட்டை முதுகில்
வட்டமாய் ஒரு பழுப்பு, கண்ணாடி சுட்டது.
துவைத்தும் போகவில்லை.
போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.