தவளக்குப்பம் வரை

முதல் இரண்டு வருஷம்
கடலூரிலிருந்து பாண்டி, பாண்டியிலிருந்து கடலூர்,
மறுநாளும் பாண்டி என்று
ஒரே சார்ஜில் ஓடியது.
பிறகு போகவும் வரவும் மட்டும்.
பிறகு போக மட்டும்.
போன தீபாவளிக்கு அரியாங்குப்பம் பாலத்தில் அணைந்தது.
பொங்கலுக்குத் தவளக்குப்பம்.
இப்போது வைகாசி.
கிருமாம்பாக்கம் வந்தால் போதும்,
இருபத்தெட்டு சதவீதம் என்று சொல்லிக்கொண்டே
கண்ணை மூடிவிடுகிறது.

ஏழு அங்குல டேப்லெட்.
இடது கையில் கம்பி, வலது கையில் அது,
கட்டைவிரலே பக்கம் திருப்பும்.
நாற்பத்தேழு நாவல் படித்திருக்கிறேன், எண்ணி வைத்திருக்கிறேன்,
ஒன்றுக்கும் உட்கார இடம் கிடைத்ததில்லை.

"சின்னது இப்ப வர்றதில்லக்கா"
என்றான் நேரு வீதிக் கடையில் ஃபாசில்,
பத்தரை அங்குலத்தைத் துடைத்து நீட்டியபடி.
தோசைக்கல்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
இரண்டு கையும் போய்விட்டால்
முள்ளோடை வேகத்தடையில்
யார் மடியில் போய் விழுவது?
கேட்டேன். சிரித்தான்.
"உக்காந்து பாருங்கக்கா, தியேட்டர் மாதிரி தெரியும்."
உட்காரத்தானே தம்பி
இருபத்தாறு வருஷமாக
எட்டு பத்து பஸ்ஸில் ஏறுகிறேன்.

பழசுக்கு அறுநூறு தருவான்.
ஓரத்துக் கீறலுக்கு நூறு கழித்து ஐநூறு.
பேட்டரியை மட்டும் மாற்றினால்?
"மாத்தலாம். ஆனா திறந்தா
திரும்ப மூடுமான்னு சொல்ல முடியாது."
இதே வாக்கியத்துக்கு ஆஸ்பத்திரியில்
முன்பணம் வாங்கி ரசீது தருகிறவள் நான்.
ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

பவர் பேங்க் ஒன்றை எடுத்து வைத்தான்.
டேப்லெட்டைவிடக் கனம்.
பிள்ளையைவிடப் பால்புட்டி பெரிசு.

புதுசு பதினெட்டாயிரத்துச் சொச்சம்,
ஒன்பது தவணை.
ஒரு தவணை, மகனுடைய மெஸ் பாக்கி.
கணக்கெல்லாம் எனக்கு வரும், அதுதான் பிழைப்பு.
கணக்கில் வராதது
அணைந்த பிறகு நடப்பது.

நேற்று
"அவள் கதவைத் திறந்ததும்"
என்ற இடத்தில் போனது.
கறுத்த கண்ணாடியில் என் மூக்கு,
மூக்குக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய டிபன் பை.
பஸ் நிலையம் வரை அரைமணி நேரம்
கதவுக்கு வெளியே யாரென்று
நானே ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தேன்.
கடன்காரன்.
செத்துப்போன புருஷன்.
வெறும் காற்று.
காசுக்கு வந்து, காசை மறந்து,
அழத் தொடங்குகிற பால்காரி.
அரியாங்குப்பத்தில் ஆறு வந்தது.
ஒரு படகைக் கவிழ்த்துப்போட்டு
நடுமுதுகில் யாரோ நீலம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
இத்தனை வருஷமும் ஆறு அங்கேதான் இருந்திருக்கிறது,
நான்தான் ஏதோ அத்தியாயத்தில் இருந்திருக்கிறேன்.

மதியம் சார்ஜ் ஏற்றித் திறந்தேன்.
கதவுக்கு வெளியே அவளுடைய அக்கா.
என் பால்காரி எவ்வளவோ தேவலை.

ஆகவே முடிவு இது:
அது பாட்டுக்குப் பின்வாங்கட்டும்.
ஆடிக்குள் கன்னியக்கோயில்,
புரட்டாசிக்குள் முள்ளோடை, மாநிலம் மாறுகிற இடம்.
ரெட்டிச்சாவடி வந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.
பெண்ணையாற்றுப் பாலம் ஏறுமுன் அணைந்தால்
அன்றைக்கே வாங்கிவிடுவேன் தோசைக்கல்லை.
சாட்சிக்குக் கண்டக்டர் குப்புலிங்கத்திடம்
சொல்லியும் வைத்தேன்.
அவர் சில்லறை எண்ணுவதை நிறுத்தாமல்,
"அப்ப சீட்டு வேணுமே தையல்நாயகி மேடம்,
இப்பவே துண்டு போட்டு வைங்க" என்றார்.

இன்று காலை
என்ன மாயமோ,
இருபத்தெட்டில் தயங்கி, இருபத்தேழுக்கு இறங்கி,
கிருமாம்பாக்கத்தைத் தாண்டி
தவளக்குப்பம் வரைக்கும் எரிந்தது.
ஐந்து பக்கம் கூடுதலாக.
படித்தேன்.
படித்துக்கொண்டே
எப்போதடா அணைவாய் என்று
பார்த்துக்கொண்டும் இருந்தேன்.