மாற்றுப் பொருள்

விடிகாலை நாலே கால்.
ரெக்ஸம் நகரம் இன்னும் போர்வைக்குள்.
கடையில் வாங்குபவர் ஒருவருமில்லை,
வாங்குதல் மட்டும் நடக்கிறது.
ஆறு கூடை வைத்த வண்டியைத் தள்ளுகிறேன்.
மணிக்கட்டில் கட்டிய கருவி சொல்கிறது:
பதினேழாம் வரிசை, இடப்பக்கம், மூன்றாம் தட்டு,
மாவு, ஒன்றரைக் கிலோ.
எடுக்க ஒன்பது நொடி.
எட்டில் எடுத்தால் பாராட்டாது.
பத்தானால் சிவக்கும்.

ரவுண்டானாவுக்கு அந்தப்பக்கம் நீலக் கடை,
இந்தப்பக்கம் எங்கள் மஞ்சள் கடை.
அவர்கள் வெண்ணெயில் ஒரு பென்னி குறைத்தால்
மதியத்துக்குள் எங்கள் வெண்ணெய் இரண்டு பென்னி இறங்கும்.
மாட்டுக்கு அது தெரியாது.
மாட்டுக்காரருக்குக் கடிதம் போகும்.

என் கணவன் எம்ரிஸ் நீல வேன் ஓட்டுகிறான்.
ஒரே கண்ணாடி முன் நின்று
அவன் நீலத்துக்கும் நான் மஞ்சளுக்கும்
பொத்தான் போடுகிறோம்.
இரண்டு படைகளுக்கும் ஒரே பற்பசை.

வாடிக்கையாளர் பெயரை வெளியே சொல்வதில்லையென்று
இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
அதனால் அந்த மனிதர் எங்களுக்கு வெறும் 'பதினான்கு'.
பென்னிக்குப் பென்னி பார்த்துக்
கூடையை இரண்டாகப் பிளப்பவர்.
மாவும் பழுப்புச் சர்க்கரையும் என்னிடம்,
தேயிலையும் உலர்ந்த திராட்சையும் அவர்களிடம்.
டெலிவரி இலவசம், இலவசம் என்று
இரண்டு கடையும் அவர் காலில் விழுந்து கிடக்கின்றன.
மிச்சமாவது முப்பத்தோரு பென்னி.

இரவில், சூப்பு ஆறும் நேரத்தில்,
எம்ரிஸ் தன் பாதியைச் சொல்வான், நான் என் பாதியை.
"திராட்சை ரெண்டு பாக்கெட்."
"மாவு. சர்க்கரை."
"தேயிலை, கருப்பு."
இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்:
பாரா ப்ரித்!
தேநீரில் ஒரு ராத்திரி பழம் ஊறிச்
சுடப்படும் எங்கள் ஊர் ரொட்டி.
எந்தக் கடையின் கணினியும்
அந்த ரொட்டியை முழுசாகப் பார்த்ததில்லை.
எங்கள் மேசையில்தான் அது உருவானது.

"முட்டை?" என்றான்.
முட்டை என் பட்டியலில் இருந்தது.
தட்டு காலி.
கருவி யோசித்து ஒரு மாற்று காட்டியது:
ஈஸ்டர் சாக்லேட் முட்டை, தங்கத் தாளில்.
ஏற்கவா, விடவா?
ஒன்பது நொடி.
விட்டேன்.
ஊரில் காய்க்காரி எடை போட்ட பிறகு
ஒரு பிடி மல்லி கொசுறாகப் போடுவாளே,
அதற்கு இந்தக் கருவியில் பொத்தானே இல்லை.
என் கைக்காசில் வாங்கி ஆறு முட்டையைக் கூடைக்குள் வைத்தால்
எடை இடிக்கும், கூடை திரும்பி வரும், நானும் திரும்பி வருவேன்,
வேலை இல்லாமல்.

எம்ரிஸ் மறுநாள் பூனைத் தீனி கொடுக்கப்
பதினான்கின் படியேறினான்.
கதவு திறந்தபோது பழ வாசனை
அவன் சட்டைக்கு முன்னால் வந்து நின்றதாம்.
"முட்டை இல்லாமலா?" என்றேன்.
"இல்லாமலும் வரும்போல. நான் கேட்கவில்லை.
கேட்டால் எனக்கு எப்படித் தெரியுமென்று கேட்பார்."
அடுத்த வாசலுக்கு அவனுக்கு நாலு நிமிடம்தான் இருந்தது.

இன்று சனிக்கிழமை. இரண்டு பேருக்கும் விடுப்பு.
சட்டைகள் கொடியில், நீலமும் மஞ்சளும்
ஒரே காற்றில் ஒன்றையொன்று அறைந்துகொண்டிருக்கின்றன.
போனை எடுத்து என் கடையைத் திறந்தேன்.
ஊழியர் தள்ளுபடி கழித்து நாற்பத்தொன்பது பவுண்டு.
அவன் கடை: நாற்பத்தெட்டரை.
இருவரும் பேசவில்லை.
பிறகு அவன் தயங்கித் தயங்கி,
ஏதோ வைப்பாட்டியின் பெயரைச் சொல்வதுபோல்,
பைபாஸில் புதிதாய் வந்த பச்சைக் கடையின் பெயரைச் சொன்னான்.
நாற்பத்துமூன்று.

பச்சை வேன் ஆறு மணிக்கு வந்தது.
சின்னப் பையன், முகத்தில் தூக்கம்.
"ஒரே ஒரு மாற்று, மேடம்.
நீங்கள் கேட்ட ரொட்டி இல்லை..."

"பரவாயில்லை" என்றேன், பையைப் பார்க்காமலே.
அவனுக்கு எத்தனை நொடி என்று எனக்குத் தெரியும்.