புள்ளி

ஒரு தட்டில் நாற்பது நாற்று.
மூன்று தட்டு.
என் வேலை எண்ணுவது.
நுனி கருகியது எத்தனை, சுருண்டது எத்தனை,
பச்சை மாறாதது எத்தனை.
பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு
நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கிற வேலை.
ஆறு வருடமாகத் தப்பில்லாமல் எண்ணுகிறேன்.

மூன்றிலும் ஒரே ரகம்.
முதல் தட்டின் தாய்நெல் ஆற்றுத் தண்ணீர் குடித்தது.
இரண்டாவதன் தாயும் தாயின் தாயும்
தலைஞாயிறுக்குக் கிழக்கே,
மேட்டூர் திறந்த செய்தி மட்டும் வந்து சேரும் கடைமடையில்
உப்பு குடித்துக் கதிர் விட்டவை.
பாதி பதர்.
மூன்றாவதும் அந்த உப்புக் கால்வழிதான்,
நடுவில் இரண்டு போகம் மட்டும்
நல்ல தண்ணீரில் வளர்த்தெடுத்த விதை.

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உப்புநீர் விட்டோம்.
ஒன்பதாம் நாள்
முதல் தட்டு
பீடி பிடித்த விரல்போல நுனி பழுத்தது.
இரண்டாவது
ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.

"எழுத்து மாறவே இல்ல மங்கை,
புள்ளிதான் விழுந்திருக்கு" என்றார்
இறையரசி மேடம்.
என் பதிவேட்டின் ஓரத்தில்
ககரம் ஒன்று எழுதி
அதன் தலையில் பென்சிலால் குத்தினார்.
க. க்.
அவ்வளவுதான், வாய் அடைத்துப்போகிறது.
உயிர் போய் மெய் மட்டும் நிற்கிறது.
உப்பு அந்தச் செடிக்குள் போய்
எதையும் அழித்து எழுதவில்லையாம்.
அங்கங்கே ஒரு புள்ளி வைத்து,
அங்கங்கே இருந்ததை எடுத்து,
எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று
சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

அன்று மாலை பேருந்தில்
அடையாள அட்டையில் என் பெயரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
மங்கையர்க்கரசி.
மூன்று புள்ளி.

எழுபத்தேழு புயலின்போது
அம்மா வயிற்றில் நான் நாலு மாதம்.
வீடு போனது, மாடு போனது,
வயலில் கடல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.
சித்திரை வரைக்கும்
நிவாரணக் கோதுமை நொய், அதுவும் ஒருவேளை.
சித்திரையில் பிறந்தேன்,
ஒன்றே முக்கால் கிலோ.

அம்மா இதைச் சொன்னதில்லை.
கேட்டால் "அது கெடக்கு" என்பாள்.
மற்றதை உடம்பு சொன்னது.
முப்பத்தோரு வயதில் சர்க்கரை.
திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியில்
"இனிப்பு நெறைய சாப்பிடுவீங்களோ?"
இல்லை டாக்டர்,
பஞ்சம் வருமென்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்,
அகப்பட்டதையெல்லாம் சேர்த்து வைக்கிறது
என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.
இப்போதும் சொல்லமாட்டேன்.
நெல்லில் கண்டது எனக்குச் சாட்சி ஆகாது,
அதையும் மேடம்தான் சொன்னார்.
இருந்தாலும் இரண்டாம் தட்டை மட்டும்
கொஞ்சம் மெதுவாகக் கழுவுகிறேன்.

மூன்றாம் தட்டைச் சொல்லவில்லையே.
நாற்பதில் இருபத்தொன்பது கருகின.
பதினொன்று நின்றன.
அந்தக் காலத்தில் ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்களாம்,
கிழியுமென்று.
படிக்கிறவன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.
விதையும் பெயர்த்தெழுதப் பெயர்த்தெழுதப்
புள்ளிகளை உதிர்க்கிறது.
சிலது எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.
கருகியவற்றுக்கு நேரே
'தாங்கவில்லை' என்று எழுத வேண்டும்.
எழுதினேன்.
நல்ல தண்ணீரை நம்பிவிட்டவை
என்று எழுதக் கட்டம் இல்லை.

வீட்டில் நிறைமதி
தட்டில் அரைத் தோசையை விட்டுவிட்டு
போனைப் பார்த்துக்கொண்டே எழுந்துபோகிறாள்.
தினமும் திட்டுவேன்.
இன்று வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.
எங்கள் கால்வழியில்
மிச்சம் வைக்கத் தெரிந்த முதல் ஆள்.

அப்புறம் அந்த அரைத் தோசையை
நானே தின்றேன்,
சீனி தொட்டு.