பதினொன்றாம் கேள்வி

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம்.
லுமெட்சானே பள்ளத்தாக்கில்
பித்தளை வால்வு கடையும் பட்டறைக்கெல்லாம் வந்திருக்கிறது.
பதினொன்றாம் கேள்வி:
உங்கள் நிறுவனத்தில் புதுமையை உந்துவது எது?
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.

ஃபவுஸ்தீனா பேனா மூடியைக் கழற்றினாள்.

சந்தைத் தேவை என்கிறது முதல் கட்டம்.
சந்தையை அவள் கண்டதில்லை.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து திரும்பி வந்த
நாலாயிரம் வால்வுகளைக் கண்டாள்.
மரைக்குள் மயிரளவு பிசிறு
என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு.
திரும்பி வந்த லாரிக்கும் அவள்தான் வாடகை கொடுத்தாள்.

ஆராய்ச்சிப் பிரிவு, அடுத்தது.
பதினான்கு பேர், ஒரு கழிப்பறை.
இங்கே பிரிவு என்றால் அந்தக் கதவு.

அரசு மானியம்:
விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம்.
ஏழாம் பக்கத்தில் கணக்காளர் விடுப்பில் போனார்.

பிசிறு போன கதை வேறு.
செரீஞுக்கு மணிக்கட்டு வலி.
நாளெல்லாம் அரம் திருப்பிய கை
இரவில் போர்வையை இழுக்க மறுத்தது.
டக்காரில் இருக்கும் மனைவியிடம்
தொலைபேசியை இடக்கையில் பிடித்துக்கொண்டு
நல்லா இருக்கேன் என்றான்.
ஆற்றோரம் யாரோ எறிந்த சைக்கிளிலிருந்து
பிரேக் கம்பியை அறுத்து வந்தான்.
காலால் மிதித்தால் கம்பி இழுக்கும்;
புட்டி கழுவும் பிரஷ் ஒன்று
மரைக்குள் நுழைந்து சுழன்று மீளும்.
முதல் நாள் பிரஷ் பறந்து டியூப்லைட்டை உடைத்தது.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கத்தினாள்.
நூறு வால்வுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
இன்னும் மூன்று செய் என்றாள்.
சம்பளம்?
எதிர்ச்சாரி பத்திஸ்தா அவனைக் காப்பிக்கு அழைத்தான்
என்று காதில் விழுந்த மறுநாள் கூடியது.

வலி என்று ஒரு கட்டம் இல்லை.
பொறாமைக்கும் இல்லை.

ஞாயிறு இரவு மணி பதினொன்று.
பத்திஸ்தாவின் பட்டறையில் விளக்கு;
ஷட்டர் முக்கால் இறங்கியிருக்கிறது.
உள்ளே ஒரு சத்தம்.
லேத் இல்லை. சாணைச் சக்கரமும் இல்லை.
விட்டு விட்டு, மூச்சு வாங்குவது போல.

படிவத்தின் மேல் கோப்பையை வைத்தாள்.
ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்.
இரண்டு தெரு தள்ளி மாடியில் குடியிருப்பவனை
தொலைபேசியில் எழுப்பினாள்:

தூங்கிட்டியா?
அது என்ன சத்தம்?

இல்லை அம்மணி, என்றான் செரீஞ்.
அரை மணி நேரமா பால்கனியில்தான் நிற்கிறேன்.
அமுக்கிய காற்று என்று நினைக்கிறேன்.
கொஞ்சம் பேசாமல் இருங்கள்.