வாயும் வயிறும்

பிராண்டுர், உன்னைத் தேர்ந்தெடுத்தது
உனக்கு ஒன்றுமில்லை என்பதால்தான்.
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது:
நோயாளியின் உடன்பிறப்பு, நோயற்றவர், ஆண், நாற்பத்தொன்று.
ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு வயிறுகள்
எந்தத் திருப்பத்தில் பிரிந்தன என்று
தோர்ஷவ்னில் பார்க்க வேண்டுமாம்.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து குழாய்.
முந்தின நாள் முழுக்க உப்புத் தண்ணீர்,
போவதும் தண்ணீராகவே போகும் வரை.
பிறகு இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் மடக்கி,
எதிர்ச் சுவரின் கலங்கரை விளக்கப் படத்தில்
எத்தனை ஜன்னல் என்று எண்ணியபடி.
(ஆறு. ஒன்று பாதி மறைந்திருக்கும்.)
கழுவித் துடைத்த வீட்டில்
யார் குடியிருந்தார்கள் என்று எப்படித் தெரியும்?
டாக்டர் துரித்தாவே ஒருநாள் சொன்னார்:
நாங்கள் உள்ளே வருவதற்குள்
எல்லோரையும் விரட்டிவிடுகிறோம்.

இந்த மாத்திரை யாரையும் விரட்டாது.
மொச்சைக்கொட்டை அளவு.
இரைப்பையின் புளிப்புக்கு வாய் திறக்காது.
சிறுகுடலில் மேலுறை கரைந்ததும்
ஒரே ஒரு சொட்டை உறிஞ்சி
உதட்டை இறுக மூடிக்கொண்டு
மிச்ச வழியெல்லாம் ஊமையாக வரும்.
வந்ததும் பிடிக்க வேண்டும்.
அது உன் வேலை.

சல்லடை, கையுறை, மூன்று குப்பி, குளிர்ப்பை,
தபால் படகில் ஃபூக்லோய்க்கு வந்து சேர்ந்தன.
திங்கட்கிழமை விழுங்கினாய்.
செவ்வாய் இரவு போனில், "வரவில்லை."
படகைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.
புதன்கிழமை, "படகும் வரவில்லை."

வியாழன் விடியற்காலை ஐந்தரை.
"வந்துவிட்டது!"
தலை திரும்பிய குட்டியைக்
கைவிட்டு இழுத்துக் காப்பாற்றிய அன்று
கொட்டிலிலிருந்து கத்தினாயே, அதே குரல்.
பிறகு சொன்னாய், எதையும் ஒளிக்காமல்,
ஆடு வளர்க்கிறவனின் நிதானத்தோடு:
நிறம் இன்னது, இறுக்கம் இன்னது,
முதலில் கொஞ்சம், பிறகு தாராளமாக,
சல்லடையில் இரண்டு பார்லி மணி,
மாத்திரை மட்டும் அலம்பிய கூழாங்கல் போல.

எங்கே வைத்திருக்கிறாய் என்றேன்.
"ஃப்ரீசரில். மீனுக்கும்
போன அக்டோபர் ஆட்டுத்தலைக்கும் நடுவில்.
பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்,
மார்னா எடுத்துச் சமைத்துவிடுவாள்."

சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்.

இருபத்து மூன்று வருடம்.
சாப்பாட்டு மேஜையிலிருந்து நான் பாதியில் எழுந்தால்
நீ வானொலியின் சத்தத்தைக் கூட்டுவாய்.
கதவுக்கு அப்பால் நான் இருக்கும் வரை
மீன் விலை, காற்றின் வேகம், இறந்தோர் அறிவிப்பு
வீடு முழுக்க உரக்கக் கேட்கும்.
அது உன் அன்பு என்று எனக்குத் தெரியும்.
ஆனாலும் பிராண்டுர்,
எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம்
நான் அங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.
அம்மா அக்கம்பக்கத்தில்
"இவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை" என்பாள்.
குளிரைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில்.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறுதான்.
அண்ணன் தங்கைக்குக் கேட்கவா வேண்டும்.

போனை வைக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.
உன் பக்கம் காற்று
கூரைத் தகரத்தை ஒரு தடவை தூக்கிப் போட்டது.

"உனக்கு?" என்றாய்.

எனக்கு என்ன?

"இல்லை, உனக்கு... இன்றைக்கு எப்படிப் போகிறது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. விட்டுவிட்டேன்.
ஏழு தடவை என்றேன்.
இரவில் மூன்று, அதைச் சேர்க்காமல்.

"இரத்தம்?"

கொஞ்சம். போன வாரத்தைவிடக் கொஞ்சம்.

பென்சில் உரசும் ஒலி கேட்டது.
உன் படிவத்தில் எனக்கு இடம் கிடையாது,
பின்பக்கத்தில்தான் எழுதியிருப்பாய்.
"வலி எந்தப் பக்கம்?" என்றாய்,
"மெதுவாகச் சொல்,
படகு சனிக்கிழமைதான் வரும்."