பதிலுக்குப் பதில்

அல்மாத்தி. தொண்ணூற்றைந்து.
எண்ணெய் ஆலையில் செப்டம்பர் மாதச் சம்பளம்
நவம்பர் கடைசியில் வந்தது:
என் பெயருக்கு நேரே
பன்னிரண்டு டப்பா மயோனைஸ்.
கணக்கெழுதுகிறவளும் நான்தான்.
எனக்கு நானே எண்ணிக் கொடுத்து
எனக்கு நானே கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ஷார்லோட்கா வேண்டும் என்றாள் தோக்ஜான்.
பிறந்தநாள் ஒன்றும் இல்லை, சும்மா கேட்டாள்.
முட்டை, சர்க்கரை, மாவு, ஆப்பிள்;
கை தெரியாதவர்கூடச் செய்கிற கேக்.
நான்கில் எங்களிடம் இருந்தவை இரண்டு:
அரைப்பை மாவு,
பால்கனியில் தாவ்லெனின் பழைய ராணுவக் கோட்டைப் போர்த்தி
உறைபனிக்குத் தப்பிப் படுத்திருந்த
அபோர்ட் ஆப்பிள்கள்.
ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் தலையளவு.

முட்டைக்குப் பதில் மயோனைஸ்.
சர்க்கரைக்குப் பதில் நம்பிக்கை.
ஒரு வாய் வைத்த தாவ்லென்
கொஞ்சம் உருளைக்கிழங்கு சேர்த்தால்
நல்ல சாலட் என்றான்.

அடுத்த முறை
தட்டில் தடவ வெண்ணெய் இல்லாமல்
செம்மறியின் வால்கொழுப்பைத் தடவினேன்.
அடுப்பைத் திறந்ததும்
ஆப்பிள் தோட்டத்தில் ஆடு புகுந்த வாசம்.
தோக்ஜான் மூக்கைப் பொத்திக்கொண்டு
இரண்டு துண்டு தின்றாள்.

பீட்ரூட்டை வேகவைத்துப் பாகாக்கினேன்.
இனித்தது. மண்ணும் மணத்தது.
கேக் பாதி எழும்பியபோது கரண்ட் போனது.
இருட்டில் அது உட்கார்ந்த சத்தம்
எனக்குக் கேட்டது, சத்தியமாக.

மூன்றாம் மாடி ஃப்ரீடா மருந்துக்கடைக்காரி.
எடைபோடாமல் உப்புக்கூடப் போடமாட்டாள்.
காலாவதியான குளுக்கோஸ் ஒரு பை கொண்டுவந்தாள்,
தராசையும் கொண்டுவந்தாள்.
சோடா உப்பில் வினிகர் ஊற்றி
நுரைக்கும்போதே மாவில் கொட்டு என்றாள்.
சம்பளப் பட்டியலின் பின்பக்கத்தில்
கிராம் கிராமாக எழுதினோம்.
ஒன்பதாவது முயற்சி எழும்பி நின்றது.
நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம்.

பிறகு பிப்ரவரி. ஆப்பிள் தீர்ந்தது.

கோட்டை உதறிப் பார்த்தேன்,
ஒரு காம்பு விழுந்தது.
பால்கனி மூலையில் வெளிறிய பூசணி ஒன்று.
மெல்லச் சீவி
சிட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டால்
பூசணி தன் பிறப்பை மறந்துவிடுகிறது.
முழுவதும் இல்லை,
ஒரு கேக்குக்குப் போதுமான அளவு.

அன்றைக்கென்று
ஆலை இயக்குநர் பெக்போலாத் சார்செனோவிச் வீட்டுக்கே வந்தார்.
டிசம்பர் கணக்கில் ஒரு கையெழுத்து வேண்டுமாம்.
வங்கி திறந்ததும் பணம் வந்துவிடுமாம்.
தேநீர் வைத்தேன், ஒரு துண்டும் வைத்தேன்.
தின்றார். கண்ணை மூடினார்.
"அபோர்ட்தானே?
இந்த மணம் வேறு எதற்கு வரும்?"

"இதில் ஆப்பிளே இல்லை, ஐயா" என்றேன்.
"பட்டியலில் சம்பளம் இருக்கிற மாதிரிதான்
இதில் ஆப்பிள் இருக்கிறது."

தாவ்லென் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான்.
இயக்குநரின் தாடை நின்றது.
பிறகு, மெதுவாக, மறுபடி அசைந்தது.
"என் வீட்டிலும்
மயோனைஸ்தான், அம்மா" என்றார்.
தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
இன்னொரு துண்டு வைத்தேன்.
கையெழுத்தை அவரும் மறுபடி கேட்கவில்லை,
நானும் போடவில்லை.

மார்ச்சில் சம்பளம் வந்தது.
எங்கள் மயோனைஸை வாங்கிக்கொண்டு
ஏதோ ஒரு பண்ணை பதிலுக்கு அனுப்பிய
இரண்டு பெட்டி ஆப்பிள்.
சுருங்கியவைதான், ஆனாலும் ஆப்பிள்.
தாவ்லென் தோளில் ஒன்று, என் இடுப்பில் ஒன்று,
லிஃப்ட் ஓடாத ஐந்து மாடி.

மாவு டப்பாவைத் தட்டினேன்.
மத்தளம் மாதிரிச் சத்தம்.

தோக்ஜான் அதற்குள்
அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள்.
உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:
"அம்மா, சேமியாவை இடிச்சா மாவு ஆகாதா?"

ஃப்ரீடாவைக் கூப்பிடு என்றேன்.
தராசோடு.